சந்துக்குள் ஒரு சாரம்

கடலைப் பார்த்து அடுத்தடுத்து நின்ற இரண்டு வீடுகளில் ஒன்று அண்ணனுடையது, மற்றது தம்பியுடையது. அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. மாடிக்கு மாடி நின்றபடி ஊர்க்கதை பேசுவார்கள். ஓரகத்திகள் இருவருக்கும்தான் ஆகாது. மூத்தவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிந்து சின்னவள் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்த அன்று, கேட்க வந்தவளிடம் மூத்தவள் வாய் தவறிப் பேசிவிட்டாள். அதோடு பேச்சு நின்றுபோனது.

மூத்தவள் வீட்டுக்கு வண்ணம் பூச ஒரு பெண் பெயிண்டர் வந்தாள். சுவரைத் தடவினாள், விரலில் உப்பு மாவாய் ஒட்டியது. முதலில் நல்ல தண்ணீரில் சுவரைக் கழுவிக் காயவிட வேண்டும், ஜன்னல் கம்பியில் துருவைச் சுரண்ட வேண்டும், மத்தியானக் காற்று மணலை வாரி வருமென்பதால் காலையில் மட்டுமே பூச வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். பக்கச்சுவருக்கு வந்ததும் நின்றாள். இரு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்துதான் இருந்தது.

"சாரத்துக்கு ஒரு கால் அந்தப் பக்கம் ஊனணும்க்கா. அந்தச் சுவரை அப்படியே விட்டா அதோட உப்பெல்லாம் நம்ம பெயிண்ட்லதான் வந்து படியும். ரெண்டு வீட்டையும் சேர்த்துச் செய்யறதுதான் நல்லது. நான் போய்க் கேக்கவா?"

மூத்தவள் கணவனைப் பார்த்தாள். அவர் கடலை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே கேக்கறேன்," என்றாள்.

சின்னவள் கதவைத் திறந்ததும் மூத்தவளுக்கு யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"உன் ஜன்னல் கம்பியும் துருப்பிடிச்சிருக்கு."

"அதைச் சொல்லவா வந்தீங்க?"

"இல்லம்மா. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

சின்னவள் கதவுநிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பிறகு வழிவிட்டாள். "உள்ள வாங்கக்கா."

கணவன்மார் வந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு வீட்டையும் சேர்த்தே பூசுவதென்று முடிவாகி, உள்ளே நிறச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மூத்தவளுக்கு இளம்பச்சை, சின்னவளுக்கு மஞ்சள். கடைசியில் அவர்களோடு வந்த பெயிண்டர்தான் சமாதானம் செய்தாள்: முகப்பு அவரவர் விருப்பம், சந்துக்குள் மட்டும் இரண்டு சுவருக்கும் வெள்ளை, வெளிச்சம் வரும்.

கழுவிய சுவர்கள் காய்ந்ததும் ஒரு காலையில் சந்துக்குள் சாரம் எழுந்தது, ஒரு கால் இந்தச் சுவரோரம், மறு கால் அந்தச் சுவரோரம். பெயிண்டர் மேலேறி முதல் பூச்சைத் தொடங்கினாள். கீழே ஓரகத்திகள் இருவரும் தோளோடு தோள் உரச அண்ணாந்து பார்த்தபடி, அடுத்து வாசற்கதவுக்கு என்ன நிறம் என்று ஆரம்பித்திருந்தார்கள்.