முத்தம்மாள் உயிரோடு வந்த மதியம்

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் யாரும் முழுசாக விழித்திருக்க மாட்டார்கள். முதல் ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கிற அந்த நேரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை மொத்தமும் ஒரு பெரிய கொட்டாவி விடும். அன்றைக்குக் கரண்டு வேறு போயிருந்தது. ஜெனரேட்டர் இயந்திரங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான். மனிதவளத் துறை அட்டையை எடுத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான். ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த உலைப்புகை வெயிலை டீ நிறமாக்கி உள்ளே அனுப்பியது. அதில் இரும்புத்தூள் மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. நான் தயிர்சாத மயக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். காலடிச் சத்தமே இல்லை.

"குணா அம்மா நானு. உருக்கு உலைல வேல செஞ்சிகினு கீறானே, அந்த குணா. எம்பேரு முத்தம்மா."

எனக்குத் தூக்கம் கலையவில்லை, இன்னும் ஆழமாகப் போனது. ஏனென்றால் முத்தம்மாளை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே சாகடித்துவிட்டேன். தேதியோடு, கம்ப்யூட்டரில், என் இரண்டு கையாலும்.

என் பெயர் விக்டோரியா. பதினோரு வருடமாக இந்தக் கம்பெனியில் லீவும் இன்ஷூரன்ஸும் என் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் என்னை 'கஞ்சப் பிசினாறி' என்பார்கள், தெரியும். லீவ் என்ன எங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா, வாரிக் கொடுக்க? காய்ச்சல் என்றால் சீட்டு கேட்பேன், கல்யாணம் என்றால் பத்திரிகை கேட்பேன். சாவுக்கு மட்டும்தான் எதுவும் கேட்பதில்லை. சாவு வீட்டில் போய்ச் சான்றிதழ் கேட்கிற அளவுக்கு நான் இன்னும் மோசமாகவில்லை என்று ஒரு பெருமை.

எங்கள் கம்பெனியில் தொழிலாளியின் அம்மாவோ அப்பாவோ இறந்தால் ரோஜா மாலையோடு நாலு பேர் போவது வழக்கம். குணா போன் செய்து சொன்னபோது, "யாரும் வர வேணாம் மேடம், பொதட்டூர்பேட்டைலயே அடக்கம் முடிஞ்சிட்ச்சி" என்றான். அவ்வளவு தூரம் அலைய வேண்டாமே என்று எனக்கும் உள்ளுக்குள் நிம்மதி. நானே படிவத்தை நிரப்பி மூன்று நாள் துக்க விடுப்பு போட்டேன். அதோடு விட்டேனா? நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே! இன்ஷூரன்ஸ் பட்டியலிலிருந்தும் முத்தம்மாள் பெயரை எடுத்தேன்.

இப்போது அந்தப் பெயர் என் எதிரில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்கம்மா" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அதன் கால் கிரீச்சென்றது. பேயாக இருந்தால் கிரீச்சிடாது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு அவர் மூச்சு வாங்கினார். கேட்டிலிருந்து இங்கே வர இருநூறு அடிகூட இருக்காது.

முந்தானையில் சுற்றியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். இதய வால்வு பழுது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், இதற்கு மேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் அடிக்கோடு போட்டிருந்தார். அன்று செவ்வாய்.

"ஆஸ்பத்திரி கவுண்டர்ல ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர பாத்துட்டு, இவங்க எறந்துட்டாங்கன்னு போட்டுகீதேன்றா. நான் அவ முன்னாடிதான் குந்திகினு கீறேன்!" சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. "இன்ஷூரன்ஸ் இல்லன்னா ஆபரேசன் இல்லன்னுட்டாங்க. நீ கம்பெனிக்குப் போவாதம்மா, பொய் சொன்னது தெரிஞ்சா வேல பூடும்னு குணா அழுவுறான். அவனுக்குத் தெரியாமத்தான் வந்தேன். அவன் மேல தப்பில்ல மேடம். செத்துட்டேன்னு சொல்லச் சொன்னதே நான்தான்."

"ஏம்மா?"

"எம்மருமவ பூமிகாவுக்கு எட்டாம் மாசத்துல கொழந்த வயித்துலயே பூட்ச்சி. பொட்டப்புள்ள. அந்தப் பொண்ணு சொவத்தப் பாத்துகினே கெடந்தா. இவன் லீவு கேட்டான், இல்லன்னுட்டாங்கன்னு சட்டய மாட்டிகினு வேலைக்குக் கெளம்புறான். எனக்கு வவுறு எரிஞ்சிச்சி. யார் செத்தாடா லீவு தருவாங்கன்னு கேட்டேன். ஆத்தா அப்பன் செத்தா தருவாங்களாம். அப்போ நான் செத்துட்டேன்னு சொல்லுடான்னேன். ஒரு பேச்சுதானே, எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

எனக்கு மயக்கமெல்லாம் அப்போதுதான் தெளிந்தது. லீவு இல்லை என்று சொன்னது யார்? நான்தான். அன்று காலை முதல் தடவை அவன் போன் செய்தபோது நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவன் குடும்பப் பட்டியலில் அந்தக் குழந்தை இல்லை. "லிஸ்ட்ல இல்லாத குழந்தைக்கு எப்படிப்பா லீவ் போடறது?" என்றேன்.  பிறகு, "சரிங்க மேடம்" என்றான். என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

முத்தம்மாள் மேஜைமேல் கையை வைத்தார். தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. மணிக்கட்டில் நாடி, நூல் சிக்கிய தையல் மெஷின் மாதிரி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

"ரெண்டு வருசமா செத்துப்போய் எப்படிம்மா இருந்தது?" என்றேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருந்திச்சி. கேண்டீன்ல இருநூறு பேரு எனக்கோசரம் ரெண்டு நிமிசம் எழுந்து நின்னாங்களாமே! குணா வந்து சொன்னான். பூமிகா அதக் கேட்டுட்டு எழுந்து குந்தி, ஓன்னு அழுதா. அதுக்கப்புறம்தான் அவ சோறு துன்னா. எல்லாரும் எம்பேத்திக்குத்தான் நின்னாங்கன்னு நெனச்சிகினோம்."

இருநூறு ஆண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. மணி பார்த்துச் சொன்னது நான். அவர்கள் யாருக்காக நின்றார்கள் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆண்டவரே, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஃபைலைத் தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கையில் கிடைத்தது விடுப்பு விதிப் புத்தகம். பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டரையே பார்த்தவள், முதல் முறையாகப் புத்தகத்தைப் பிரித்தேன். 'தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, குழந்தை இறந்தால் மூன்று நாள்' என்றிருந்தது. அவ்வளவுதான். பட்டியலில் உள்ள குழந்தை என்றோ, உயிரோடு பிறந்த குழந்தை என்றோ எங்குமே இல்லை. படித்தவள் பாட்டைக் கெடுத்தாள், எழுதியவள் ஏட்டைக் கெடுத்தாள் என்பதுபோல, நானே ஒரு விதியைச் செய்து அந்தப் பையன் தலையில் கட்டியிருக்கிறேன்.

பக்கத்து அறைக்குப் போனேன். மேலாளர் துளசிராமன் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

"சார், குணா அம்மா பேரை இன்ஷூரன்ஸ்ல திரும்பச் சேர்க்கணும். கம்பெனி லெட்டர்ல உங்க கையெழுத்து வேணும்."

"அவங்க இறந்துட்டாங்களேம்மா?"

"வெளியில தண்ணி குடிச்சிக்கினு இருக்காங்க சார்."

அவர் கண்ணைத் திறந்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். "இறந்தது குணாவோட பொண்ணு. போன்ல கேட்டு நான்தான் ஃபாரம் நிரப்பினேன். மகள்னு போட வேண்டிய இடத்துல தாய்னு போட்டுட்டேன். என் தப்பு."

துளசிராமன் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பதினோரு வருடத்தில் நான் ஒரு எழுத்துகூடத் தப்பாகப் போட்டதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"அப்போ மெமோ உங்களுக்குத்தான் வரும்."

"குடுங்க சார்."

"லீவ் ரெக்கார்டை முதல்ல திருத்துங்க. அது சரியானாத்தான் லெட்டர்ல கையெழுத்து போடுவேன். நாளைக்கு ஆடிட்ல எவனும் அந்தப் பையனைக் கேள்வி கேட்கக் கூடாது." மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனுஷன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

திரும்பி வந்து திரையைத் திறந்தேன். உறவு என்ற இடத்தில் 'தாய்' என்பதை அழித்து 'மகள்' என்று போட்டேன். அடுத்த கட்டம் பெயர். அதை நிரப்பாமல் திரை நகராது.

"அம்மா, பேத்திக்கு என்ன பேரு?"

முத்தம்மாள் முகம் வாடியது. "பேரு வெக்கலியேம்மா. ஆஸ்பத்திரில இருந்து துணில சுத்திக் குடுத்தாங்க, அப்டியே எடுத்துகினு பூட்டோம்."

இனி ஒளித்துப் பயனில்லை. உலைப் பிரிவுக்குப் போன் செய்து குணாவை வரச் சொன்னேன். தலையில் ஹெல்மெட்டும் முகமெல்லாம் கரியுமாக வந்தவன், அம்மாவைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டான். வேலை போயிற்று என்றே நினைத்திருப்பான்.

"ஒண்ணுமில்லப்பா, யாரும் உன்னைத் திட்டப் போறதில்ல" என்றேன். "உன் பொண்ணு பேரு வேணும். இங்க எழுதணும்."

யோசிக்கவே இல்லை அவன்.

"நிலவரசி" என்றான்.

முத்தம்மாள் திரும்பிப் பார்த்தார். "எங்கைல சொல்லவே இல்லியேடா!"

"யாரும் கேக்கலியேம்மா." ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். "மேடம்தான் மொதல்ல கேட்டாங்க."

மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தவள், கீபோர்டு பக்கம் திரும்பினேன். நிலவரசி என்று தட்டினேன். திரை ஏற்றுக்கொண்டது. துளசிராமன் கையெழுத்திட்டார், கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். முக்கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் அந்த டீ நிற வெயிலில் காத்திருந்தோம். பதில் வந்தது. முத்தம்மாள், தாய், காப்பீடு நடப்பில் உள்ளது. வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

குணா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். முத்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எழுந்து மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"எதும்மா எம்பேரு?"

காட்டினேன். அதை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அவ பேரு எது?"

விடுப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒரு விரலை நீட்டி அந்த எழுத்துகளின் மேல் வைத்தார், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிறவர் மாதிரி. வெளியே ஷிப்ட் பஸ்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் சோழவரம் போகிற பஸ்ஸும் அதில் ஒன்று. கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினேன்.

"கொஞ்ச நேரம் மூடாத மேடம்" என்றார் முத்தம்மாள். "இப்பத்தானே வந்துகீறா."

பஸ் போனால் போகட்டும் என்று கையை எடுத்துக்கொண்டேன்.