எண்ணெய் குடித்த நாற்காலி

“என் முதுகுல எண்ணெய் தடவினா, உங்க முதுகு அரிப்பு நிக்கும் அண்ணே!” என்றார் எண்ணெய்க் கடை வைத்திருந்த இளைய மாப்பிள்ளை.

தச்சரான மூத்த மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரும் குடியிருந்தது மாமியார் வீட்டில்தான். மரத்தூள் படிந்து படிந்து வறண்டுபோன முதுகை அவர் கரகரவென்று சொறிந்தால், பட்டறை திறந்துவிட்டது என்று தெருமுனையிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். ஆனாலும் சகலையின் எண்ணெயைத் தொட மாட்டார். தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கலந்த அதை, பாத்திரம் தேய்த்து வெடித்த கைகளில் பூசிக்கொண்டு, “சின்ன மாப்பிள்ளைக்குக் கைராசி!” என்று மாமியார் ஊரைக் கூட்டிச் சொன்னதிலிருந்து, முதுகெரிச்சல் பத்தாதென்று வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

“ஏன் தம்பி, உங்க எண்ணெய் காத்துல பறந்து வருமா?”

“ஒரே வாரம் அண்ணே. நின்னுட்டா கூடத்து நாற்காலி எனக்கு.”

கூடத்து நாற்காலி! மூத்தவரே இழைத்து இழைத்துச் செய்தது. அதில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் மாமியார் முதல் காபியை நீட்டுவார். விடுவாரா? “சரி” என்றார்.

மறுநாளே இளையவர், முகம் பார்த்துத் தலை வாரலாம் என்கிற அளவுக்கு முதுகு பளபளக்க வந்து, நாற்காலியில் சாய்ந்தார். அவர் எழுந்ததுதான் தாமதம், மூத்தவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்து உட்கார்ந்தார். இடம் யாருடையது என்று காட்ட, வெறும் முதுகை அதில் அப்படியும் இப்படியும் தேய்த்தார். காலையும் மாலையும் இதே கூத்து.

வாரம் முடிவதற்குள் அரிப்பு போன இடம் தெரியவில்லை. மூத்தவர் பதறிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் விட்டு, “ஐயோ, உயிர் போகுதே!” என்று கண்ணை மூடிச் சொறிந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, நீங்க சொறியறது நாற்காலியை! முதுகு பச்சைக் குழந்தை முதுகாட்டம் இருக்கு.”

மாமியார் வந்து நாற்காலிச் சட்டத்தில் விரலை இழுத்தார். விரல் மினுங்கியது.

“ஓஹோ, சின்னவர் பூசினதெல்லாம் இங்கதான் இருக்கா? சொல்லுங்க மாப்பிள்ளை. நின்னுச்சா, இல்லையா?”

எதிரே இளையவர் காபிக்குக் கை நீட்டியபடி நின்றார். மூத்தவர் நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நின்னுச்சு அத்தை, சத்தியமா நின்னுச்சு. அதனாலதான் எந்திரிக்க மாட்டேங்கிறேன்!”