நாற்பதாவது ஆள்

1

இந்தக் கதை என் மனத்தில் பிறந்ததல்ல. எங்கள் மலாய் நாட்டு வட்டாரச் சுதந்திர தின மலரின் செயலாளர் தேவதாஸின் வீட்டு வராந்தாவில், 1961-இல், காப்பிக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே பிறந்தது.

"ஐந்தாண்டுத் திட்டத்த வச்சி ஒரு கத எழுதிக் குடுங்க. கதையில கொறஞ்சது அஞ்சு பேருக்காவது வேல கெடைக்கணும்" என்றார்.

ஏன் அஞ்சு என்று கேட்டேன்.

"போன வருச மலர்ல மூணு பேருக்குக் கெடைச்சிச்சு. வளர்ச்சி தெரிய வேணாமா?"

தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

2

முதல் தொடக்கம்: "காஜா பேராங்கில் பொழுது புலர்ந்தது. புதிய தேசத்தின் தொழிற்சாலைச் சங்கு" — அடித்துவிட்டேன். எங்கள் காஜா பேராங்கில் ஏது தொழிற்சாலை? அங்கே விடிவது சேவலாலும் சைக்கிள் மணியாலும்தான்.

இரண்டாம் தொடக்கம்: "கணேசமூர்த்தி ஒரு கயவன்." இதையும் அடித்தேன். நான்கு நாள் அவனோடு பழகிய பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. (கதாபாத்திரத்தோடு பழகினால் இதுதான் தொல்லை.)

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

கணேசமூர்த்தி பண்டார் ஹிலிரில் வேலை தேடுவோர் பதிவு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. ஆறு வருடமாகத் தற்காலிகக் கிராணி. ஊருக்கெல்லாம் வேலை தேடித் தரும் ஆபீசில் அவன் வேலையே நிரந்தரமில்லை என்பதை அவன் மனைவி சந்திரமதி வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவாள்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து இலக்கு வந்தது. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் நாற்பது பேருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தால் கணேசமூர்த்தி நிரந்தரம்.

வேலை இல்லாதவர்கள் மாதாமாதம் முதல் தேதி வந்து பதிவு அட்டையில் சாப்பு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். வராதவரின் அட்டையை எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது காரணம் எழுத வேண்டும். அச்சடித்த பாரத்தில் இரண்டே காரணங்கள்தான் இருந்தன: இறந்துவிட்டார், வேலை கிடைத்துவிட்டது. அலுத்துப்போய் வராமல் இருப்பான் ஒருவன் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. ஆளைச் சாகடிக்க மனம் வராமல் கணேசமூர்த்தி எல்லாருக்கும் வேலை கொடுத்துக்கொண்டிருந்தான். ஜூலை முடிவில் முப்பத்தொன்பது ஆகியிருந்தது.

(அதில் உண்மையாகவே வேலைக்குப் போனவர்கள் மூன்று பேர். போன வருட மலரின் கணக்கும் மூன்றுதான்.)

அப்பாசாமி மட்டும் அலுக்கவே இல்லை. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்துக் குடியிருப்பை விட்டு வந்தவர். காஜா பேராங்கில் ஒற்றை அறையில் மனைவி பொன்னம்மாவோடு குடியிருந்தார். பதினெட்டு மாதமாக ஒரு முதல் தேதி தவறாமல், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வருவார். அட்டை இருந்தால்தான் நேர்முகத்துக்கு அனுப்புவார்கள். அந்த அட்டைதான் அவருக்கிருந்த ஒரே பிடிப்பு.

ஜூலை கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஆயர் குரோவில் தொழிற்சாலை வரப்போகிறது, முதல் தேதி ஒருவரை நேர்முகத்துக்கு அனுப்பவும். கணேசமூர்த்தி நல்ல மனத்தோடுதான் அப்பாசாமியை அனுப்பினான். இதை நீங்கள் நம்ப வேண்டும். சாப்பு குத்தும் நாளும் அதே நாள் என்பது அன்று மாலை, பட்டியலை முடிக்கும்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

அப்பாசாமி வரவில்லை. எழுத இரண்டே காரணங்கள்.

பட்டியலைத் தட்டச்சு செய்தவள் மீனாச்சி, கம்போங் சிட்டிக்காரி, பல தலைமுறையாக இங்கேயே ஊறிய குடும்பம். பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். நாற்பதாவது பெயருக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"டியா கெர்ஜா மானா?" என்று கேட்டாள். இவருக்கு எங்கே வேலை?

"ஆயர் குரோ" என்றான் கணேசமூர்த்தி. அவள் தட்டினாள்.

4

மறுநாள் காலையில் அப்பாசாமி வந்து நின்றார்.

"நேத்து போனேங்கய்யா. போர்டு இருந்திச்சு, ஆளக் காணோம். லாலான் புல்லுல நாலு மாடு மேஞ்சிச்சு. பொழுது சாயற வரைக்கும் இருந்து பாத்தேன். சாப்பு குத்திக் குடுங்க."

"அட்டைய எடுத்தாச்சு அண்ணே. உங்களுக்கு வேல கெடைச்சிருச்சுன்னு பட்டியல் போயிருச்சு. ஆறு மாசத்துக்குப் புதுசாப் பதியவும் முடியாது."

"வேலையா? எங்கங்க?"

"ஆயர் குரோவுல."

அப்பாசாமி யோசித்தார். கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன்; கோபத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்கி வைத்திருந்தேன். வரவில்லை.

"எத்தன மணிக்குப் போவணும்னு மட்டும் சொல்லிருங்கய்யா. வெள்ளனவே போயிடுறேன். பொன்னம்மாகிட்ட சொல்லணும்."

கணேசமூர்த்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். வெகுநேரம் குடித்தான். பட்டியலைத் திருத்தினால் முப்பத்தொன்பது, அவனும் தற்காலிகம். மேசையில் அவனுடைய நிரந்தர நியமன பாரம் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அவன் இடத்தில் நானும் தண்ணீர்தான் குடித்திருப்பேன்.

5

முடிவு ஒன்று: கணேசமூர்த்தி பட்டியலைக் கிழித்து — இல்லை, அவனுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

முடிவு இரண்டு: தொழிற்சாலை எழும்பி அப்பாசாமி மேஸ்திரியாகிறார். தேவதாஸுக்குப் பிடிக்கும். ஒரே வரியில் முடிந்துவிடும்: "மறுவாரமே அப்பாசாமிக்கு வேலை கி"

இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்தேன். கணேசமூர்த்தியும் இதே வரியைத்தான் எழுதினான்.

இதுவரை கதையில் பெயரோடு வருபவர்களில் வேலை உறுதியானது ஒருவனுக்கு, அவனும் கிராணி. இன்னும் நாலு பேர் வேண்டும் என்று தேவதாஸ் ஆள் விட்டிருக்கிறார்.

அப்பாசாமி இன்னும் ஆபீஸ் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்னால் அவரை எழுப்பி அனுப்ப முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஆள் தேவையென்றால் சொல்லுங்கள். வயது நாற்பத்தாறு. பால்மரம் வெட்டிப் பால் எடுப்பார், சைக்கிள் ஓட்டுவார், எத்தனை மணி என்று சொல்லிவிட்டால் அதற்கு முன்பே வந்து நிற்பார்.