றெஜினோல்ட் செத்துக் கிடந்த பன்னிரண்டு நிமிடம்

றெஜினோல்ட் குளிர்பெட்டி திருத்துகிறவர். மன்னாரில் பிறந்து, ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைத்த கையோடு மனைவி மெற்றில்டாவையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து லூயிஷாமில் குடியேறியவர். ஃபாரஸ்ட் கேட், ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் மீன் வைக்கிற பெட்டி பழுதானால் அவருக்குத்தான் அழைப்பு வரும். அளந்து பேசுகிற மனிதர். மாதா கோயிலில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து பூசை கண்டுவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். அப்படிப்பட்டவர் புதன்கிழமை தோறும் ஒரு மதுக்கடையின் பின்மண்டபத்தில் கடற்கொள்ளைக்காரனாக வேடம் போட்டு, வெட்டு வாங்கிச் செத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் பங்கு மக்களில் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

எல்லாம் ஒரு பியர் குளிரூட்டியில் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு இலையுதிர்காலம். டெப்ட்ஃபர்டில் இருந்த அந்த மதுக்கடையில் குளிரூட்டியைத் திருத்தி முடித்துக் கை கழுவப் போனவர், பின்மண்டபத்தில் வாள்கள் மோதுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு பேர், முந்நூறு வருடத்துக்கு முந்திய உடுப்பில். பழைய காலக் கடற்கொள்ளைச் சண்டைகளைச் சனத்துக்கு முன் நடித்துக் காட்டுகிற பொழுதுபோக்குக் குழு. நடுவே முக்கோணத் தொப்பி போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண். பெயர் மொறீன். பகலில் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவர்; இங்கே கப்பல் தலைவி.

“ஐந்து நிமிடம் இருக்குமா?” என்று அவர் றெஜினோல்டைக் கேட்டார். “எங்களுக்கு ஒரு பிணம் குறைகிறது.”

கருவிப் பெட்டியைச் சுவரோரம் வைத்தார். படுத்துக் கிடந்தார். அடுத்த புதன்கிழமை, பழுது எதுவும் இல்லாமலே போனார்.

சண்டை பழக்கியவர் கொலின் என்ற பஸ் சாரதி. வாள்கள் இரும்புதான், ஆனால் விளிம்பு தடித்து மழுங்கியவை; அவருடைய வான் வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். ஓங்குவதற்கு முன் எதிராளியின் கண்ணைப் பார்க்கவேண்டும். அவன் தயார் என்று கண்ணால் சொன்ன பிறகுதான் வாள் நகரவேண்டும். வெட்டு உடம்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழும். அதை உண்மையாக்குவது வெட்டு வாங்குகிறவனுடைய வேலை. இதையெல்லாம் கொலின் பத்துத் தரம் சொல்லிக் கொடுத்தும் றெஜினோல்டுக்கு நாலாவது அடியோடு இடம் வலம் குழம்பிவிடும். ஆகவே அவர் எப்போதும் முதலில் சாகிறவரானார். சாவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முழங்கால் மடியும், இடுப்பு சரியும், தோள் உருண்டு தலை மெல்ல நிலத்தில் வந்து சேரும். ஒரு சிராய்ப்பு இருக்காது. எழும்பியதும் எல்லோரும் கைதட்டுவார்கள், முதுகில் தட்டுவார்கள். பகல் முழுக்க இயந்திரங்களோடு தனியாகக் கிடக்கிற மனிதர் அந்த மண்டபத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டில், புதன்கிழமை குளிர்களஞ்சியத்தில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தார். மெற்றில்டாவின் தம்பி அன்ரனைத் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். தொலைக்காட்சியில் வெடிச்சத்தம் கேட்டாலே அவள் எழுந்துபோய் நிறுத்திவிடுவாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அதற்குமேல் அவள் எதுவும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. குழுவின் நிகழ்ச்சிகளில் வாளோடு துவக்கும் வெடிக்கும்; அந்தக் கதையை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. புதன்கிழமையை விட்டுவிடவும் மனம் வரவில்லை. இப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

2006 ஜூன் மாதம், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து வந்த மெற்றில்டா பஸ்ஸில் கிடந்த இலவசப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் புரட்டினாள். ஐந்தாம் பக்கத்தில் அவளுடைய புருசன் வாயில் இரத்தத்தோடு மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு தொப்பிக்காரி வாளோடு நின்றாள்.

அன்று பின்னேரம் றெஜினோல்ட் வீட்டுக்குள் வந்தபோது பத்திரிகை மேசையில் விரித்திருந்தது.

“இது ஆர்?”

அவர் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார். “நான்தான்.”

“வாயில?”

“சீனிப்பாணியும் சிவப்புக் கலரும்.”

மெற்றில்டா கதிரையில் இருந்தாள். “நான் வேற பொம்பிளை எண்டெல்லோ நினைச்சனான். புதன்கிழமையில சிரிச்ச முகத்தோட வருவியள். ஓவர்டைம் செய்துபோட்டு ஆரும் சிரிச்சுக்கொண்டு வருவினமே?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிணம் குறைந்த கதையைச் சொல்லும்போது அவளுடைய வாயோரம் கொஞ்சம் அசைந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு கேட்டாள்: “துவக்கும் இருக்கோ?”

“இருக்கு. வெறும் வெடிமருந்துதான், குண்டில்லை. லைசென்ஸ் உள்ள ரெண்டு பேர்தான் வச்சிருக்கினம்.”

அவள் பத்திரிகையை மடித்தாள். மூன்று நாள் சாப்பாடு மேசைக்கு வந்தது, அவ்வளவுதான். சனிக்கிழமை உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமலே கேட்டாள்.

“அடுத்தது எப்ப?”

“நாளைக்கு. கிறீனிச் ஆத்தங்கரையில.”

“பூசை முடிய நானும் வாறன்.”

அந்த நிகழ்ச்சியில் சுங்க அதிகாரியாக வருகிற கொலின், றெஜினோல்டைப் பிஸ்டலால் சுட்டுக் கொல்வதாக ஏற்பாடு. ஞாயிறு காலையில் றெஜினோல்ட் கொலினைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு மட்டும் வாளால் கொல்ல ஏலாதா என்று கேட்டார். மனைவியின் தம்பியைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார்.

கொலின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “முதலே சொல்லியிருந்தால் செய்திருப்பேன். பழகாத ஒரு அடியை இன்றைக்குப் புகுத்தினால் யாருக்காவது உண்மையாகவே படும். மன்னித்துக்கொள், றெஜ். நீ உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்றாலும் போ, நான் சமாளிப்பேன்.”

போயிருக்கலாம். ஆனால் மெற்றில்டா ஏற்கெனவே வந்து, சனத்தோடு சனமாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

வெடித்தது. றெஜினோல்ட் விழுந்தார். முழங்கால், இடுப்பு, தோள், தலை. நிகழ்ச்சி முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. செத்தவன் கண் திறக்கக்கூடாது, வயிறு ஏறி இறங்குவதும் தெரியக்கூடாது. வெடிமருந்துப் புகை மூக்கில் ஏறியது. மொறீனும் இன்னொருவரும் மோதுகிற சத்தத்தை அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டு கிடந்தார். ஏழு, எட்டு, ஒன்பது.

அப்போது சரளைக் கல்லில் ஒரு காலடி கேட்டது. பூட்ஸ் சத்தமல்ல. கோயிலுக்குப் போடுகிற செருப்பு. சனத்தில் யாரோ சிரித்தார்கள், இன்னும் யாரோ உஷ் என்றார்கள். காலடி நேரே வந்து அவர் தலைமாட்டில் நின்றது. சேலை சரசரத்தது. இரண்டு கைகள் அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்தன.

அவர் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார். “மெற்றில், நான் உயிரோடதான் இருக்கிறன்.”

“தெரியும். பேசாமக் கிடவுங்கோ.”

கிடந்தார். அவளுடைய உள்ளங்கை அவர் நெற்றியில் இருந்தது. ஐந்தாறு அடி தள்ளி இரும்பு வாள்கள் சுழன்றுகொண்டிருந்தன. சண்டை பழகாத ஒருத்தி அந்த வளையத்துக்குள் இருக்கிறாள் என்பதை நினைக்க அவருக்கு உடம்பு வேர்த்தது. மொறீனும் அதைக் கண்டிருக்கவேண்டும். “இறந்தவனுக்கு மரியாதை கொடு! ஆற்றுப் பக்கம் வா!” என்று எதிராளியைப் பார்த்து முழங்கினார். மோதல் சத்தம் மெல்ல மெல்லத் தூரப் போனது. அந்த மாமா உண்மையாகவே செத்துப்போனாரா என்று ஒரு குழந்தை தாயிடம் கேட்பதுகூட அவர் காதில் விழுந்தது.

முடிவில் மேளம் அடிக்கவேண்டும், செத்தவர்கள் எழும்பி வணங்கவேண்டும். மேளம் அடித்தது. றெஜினோல்ட் கண்ணைத் திறந்தார். மெற்றில்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் கையை எடுத்தாள். அன்று கிடைத்த கைதட்டல் போல அந்தக் குழுவுக்கு முன்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. அவர்கள் இருவருக்கும் அது காதில் விழவில்லை.

ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஒரு மர வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவருடைய சட்டையில் சீனிப்பாணி ஒட்டிப் பிசுபிசுத்தது. அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

“அன்ரன் விழுந்தது எங்கட ஜன்னலுக்கு நேர. காலமை ஏழு மணி. பின்னேரம் நாலு மணி வரைக்கும் றோட்டிலதான் கிடந்தவன். ஒருத்தரும் கிட்டப் போகேலாது. போனாச் சுடுவாங்கள். அம்மா என்ர ரெண்டு கையையும் பிடிச்ச பிடி விடேல்ல. ஒம்பது மணித்தியாலம் நான் அவனைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

சுட்டது யார் என்று அவள் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது.

“நீர் இதை எனக்குச் சொல்லவே இல்லையே,” என்றார் அவர்.

“என்னெண்டு சொல்லுறது? இண்டைக்கு நீங்கள் விழுந்தவுடன நடிப்பெண்டு தெரியும். கால்தான் கேக்கேல்ல.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இஞ்ச ஒரு கயிறுதானே கட்டியிருந்தது. அதால வந்திட்டன்.”

றெஜினோல்ட் ஆற்றைப் பார்த்தார். “நான் இதை விட்டிடுறன்.”

“விடச் சொல்லி நான் சொன்னனானோ? சண்டையைப் பிடியுங்கோ. சாகிறதை வேற ஆருக்கும் குடுங்கோ.”

மொறீன் கடதாசிக் கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்தார். தயங்கித் தயங்கி, சனம் அழுதுவிட்டது, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மெற்றில்டா அப்படி வந்து இருக்க முடியுமா என்று கேட்டார். மெற்றில்டா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேராகவே சொன்னாள்: ஏலாது, அது நடிப்பில்லை, என் தம்பியைச் சுட்டு அப்படித்தான் றோட்டில் போட்டிருந்தார்கள். மொறீனின் முகம் சிவந்துபோனது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தார். மூவரும் ஆற்றைப் பார்த்தபடி தேநீரைக் குடித்து முடித்தார்கள். போகும்போது மொறீன், அடுத்த வருடக் கதையில் றெஜ் கடைசிவரை உயிரோடு இருப்பான் என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கு சுலபம். உயிரோடு இருக்கிறவன் பதினொரு அடி பிழையில்லாமல் பிடிக்கவேண்டும். குளிர்காலம் முழுக்க றெஜினோல்ட் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால், கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றார். எதிராளியாக மெற்றில்டா, கையில் இன்னொரு தடி.

“நாலாவது இடப்பக்கம்,” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் வலப்பக்கம் வாறியள்? தடியைப் பாக்கிறியள். கண்ணைப் பாக்க வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவளை அவ்வளவு நேரம் நேரே பார்த்ததில்லை என்று அவருக்குப் பட்டது. அவளுக்கும் வெட்கம் வந்து, தடி நழுவி அவருடைய விரல் மூட்டில் பட்டது. இரண்டு பேரும் குசினிக்குள் நின்று சிரித்தார்கள். இன்னொரு நாள் தடி பட்டு மின்விளக்கின் கூடு ஒன்று உடைந்தது. பெப்ரவரி முடிவதற்குள் பதினொரு அடியும் வந்துவிட்டது.

2007 மே மாதம் அதே ஆற்றங்கரையில், இம்முறை சுங்க அதிகாரிதான் சாகவேண்டும். மெற்றில்டா மடக்குக் கதிரையும், மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸும் கொண்டு வந்திருந்தாள். பிஸ்டல் வெடிக்கிற இடம் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. றெஜினோல்ட் பதினொரு அடியும் பிடித்தார். நாலாவதில் மட்டும் ஒரு கணம் தாமதம், கொலின் கண்ணாலேயே காத்திருந்தார். பிறகு கொலின் வெட்டு வாங்கி, மரம் சாய்கிற மாதிரிச் சரளையில் தொப்பென்று விழுந்தார். கடைசியில் மற்றச் சுங்க அதிகாரிகள், உயிரோடிருந்த கொள்ளைக்காரர்களைக் கையைக் கட்டி வரிசையாகக் கொண்டுபோனார்கள். றெஜினோல்ட் தன்னைக் கடந்தபோது மெற்றில்டா, “களவெடுத்தவைக்கு நல்லா வேணும்,” என்று சத்தமாகத் தமிழில் சொன்னாள்.

லூயிஷாமுக்குத் திரும்புகிற டி.எல்.ஆர். ரயிலில் ஜன்னலோரம் இருந்தவள், மிச்சப் பற்றிஸ் இருந்த பெட்டியை மடியில் எடுத்து வைத்தாள்.

“அந்தக் கொலினுக்கு விழத் தெரியாது. முழங்கால் உரஞ்சிப்போச்சு, பாத்தனீங்களே?”

“பாத்தனான். முழங்காலை மடிச்சு, இடுப்பைச் சரிச்சு, தோளைத்தான் நிலத்துக்குக் குடுக்க வேணும். அவர் முழங்காலைக் குடுத்திட்டார்.”

“நீங்கள் எவ்வளவு வடிவா விழுவியள்.”

றெஜினோல்ட் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். “அப்ப நான் திரும்பவும்…”

“வாயை மூடிக்கொண்டு பற்றிஸைச் சாப்பிடுங்கோ,” என்று மெற்றில்டா பெட்டியைத் திறந்து நீட்டினாள்.