இன்னும் பன்னிரண்டே பாடம்

...அதிலும் புள்ளியியல் ஒன்று போதும், உளவியலுக்கும் அதுதான், வணிக நிர்வாகத்துக்கும் அதுதான், ஒரே தடவை படித்து ஒரே பரீட்சை எழுதி இரண்டு பட்டத்திலும் கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்றால் யாருக்காவது கசக்குமா, இதைத்தான் அவளிடம் முதலில் சொல்ல வேண்டும், எடுத்த எடுப்பில் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது, பணம் என்று ஆரம்பித்தால் அவள் முகம் அவள் அம்மா முகம் மாதிரி ஆகிவிடும், அப்புறம் என்ன சொன்னாலும் ஏறாது... அவர் கார் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். நூலக வாசலில் யாரும் இல்லை. சனிக்கிழமை பகலில் மகளுக்கு அங்கே வேலை, வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அலமாரியில் வரிசைப்படி அடுக்குவது. முடிய இன்னும் நேரம் இருக்கிறது, இவர்தான் வழக்கம் போல முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து சீட்டில் திட்டம், ஒன்பது பக்கம், கிளிப் போட்டு, காற்றில் புரளாமலிருக்க மேலே மூக்குக்கண்ணாடிக் கூடு. இன்று ராத்திரிக்குள் அவள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், வருகிறேன் அல்லது வரவில்லை, சொல்லாமல் விட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர், விடுதியில் தங்கிப் படிப்பு, நான்கு வருஷம். அப்பா பிளானையும் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன் என்று அவளாகத்தான் சொன்னாள். நியாயமான பெண். அந்த நியாயம்தான் இப்போது பயமாக இருக்கிறது.

திட்டத்தில் ஓட்டை கிடையாது, அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பாடம் தேறினால் இத்தனை கிரெடிட், ஒரு பட்டத்துக்கு இத்தனை கிரெடிட் என்று கணக்கு, அத்தனையையும் ஒரே இடத்தில் யானை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, முக்கால்வாசியை வீட்டில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் மலிவாகப் படித்துத் தேறிவிட்டு, அப்படியே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம், ஏற்றுக்கொள்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கடைசிக் கால்வாசியை மட்டும் பட்டம் தருகிற இடத்தில் படித்தால் போதும். இது தெரியாமல் ஊரெல்லாம் கடன் வாங்கிக்கொண்டு அலைகிறது. வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவருக்கு மதிப்புப் போடும் வேலை, ஒரு வீட்டின் நடுவில் நின்று கண்ணை ஒரு சுற்று விட்டால் போதும், இத்தனை பெட்டி, இத்தனை போர்வை, சின்ன வண்டியா பெரிய வண்டியா என்று சொல்லிவிடுவார், ஆபீஸில் பெட்டி சார் என்றால்தான் தெரியும். ஷூவுக்குள் சாக்ஸ், குக்கருக்குள் கரண்டி, வாளிக்குள் துண்டு, எதுவும் காலியாக வண்டி ஏறக் கூடாது. அந்தப் புத்திதான் இதிலும் வேலை செய்தது, எந்தப் பாடத்தை எதற்குள் செருகலாம், எதை இரண்டு பக்கமும் எண்ணிக்கொள்ளலாம்... உளவியல் மட்டும் என்று போட்ட முதல் திட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிந்தது. ஒரு வருஷம் வீட்டில், ஒரு வருஷம் அங்கே, அவ்வளவுதான், பட்டம் கையில். துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? குதிக்கவில்லை. திரையில் தேதியைப் பார்த்தார், அடுத்த வருஷம் இந்நேரம் அவள் அங்கே, என்னவோ பசி மாதிரி இருந்தது, இப்போதுதானே சாப்பிட்டோம் என்று நினைத்துக்கொண்டார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், வந்து பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி திறந்தார். இன்னும் பன்னிரண்டே பாடம் படித்தால் வணிக நிர்வாகத்திலும் பட்டம். பன்னிரண்டே பாடம். விடுவானேன்?

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஷிப்ட் முடிந்து வந்தவள் ஒரு கையால் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். ஏங்க, அவ ஒண்ணு தானே கேட்டா? ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னா எதையும் தூக்கிட்டு வந்துடுவீங்க, ஷாம்பூன்னா சரி, டிகிரியுமா? சிரித்தாள், இவரும் சிரித்தார். மூன்றாவதைப் போட்டபோது அவள் சிரிக்கவில்லை, தகவல் தொழில்நுட்பம், அதற்கும் பன்னிரண்டு பாடம்தான், பாதி ஏற்கெனவே இரண்டாவதில் வந்துவிடுகிறது என்று விளக்கினார், அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், அப்புறம், நீங்க சாப்பிட்டீங்களா, என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அது என்ன கேள்வி அந்த நேரத்தில்? இத்தனை வருஷம் வாழ்ந்தும் அவளுடைய சில கேள்விகளுக்கு அர்த்தம் பிடிபடுவதில்லை. கடைசிக் கால்வாசியைக்கூட வீட்டிலிருந்தே முடிக்க விடுகிற ஒரு பல்கலைக்கழகத்தைத் தோண்டி எடுத்தது அதற்கு அடுத்த வாரம், விடுதிச் செலவும் மிச்சம், அதை மனைவியிடம் சொல்லவே இல்லை, ஏன் சொல்லவில்லை... மறந்திருக்கும்.

ஒரு அம்மாவும் சின்னப் பையனும் நூலகத்துக்குள் போனார்கள், பையன் வாசல் மிதியடியில் ஷூவைத் தேய் தேய் என்று தேய்த்தான். மகளும் அப்படித்தான், எதையும் ஒரேயடியாகச் செய்வாள். இப்படிக் காரில் காத்திருந்து காத்திருந்தே அவருக்குப் பாதி வயசு போயிற்று. நீச்சல் வகுப்பு வாசலில், ஓவிய வகுப்பு வாசலில், கீபோர்டு டீச்சர் வீட்டுச் சந்தில், அந்த டீச்சர் ஒருநாளும் நேரத்துக்கு விட்டதில்லை, ஜன்னல் வழியாக ஒரே பாட்டு நாற்பது தடவை கேட்கும், நாற்பது தடவையும் அதே இடத்தில் தடுக்கும், அந்த இடம் வரும்போது இவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்வார், தடுக்காமல் போய்விடு குட்டி, போய்விடு... முதலில் பின்சீட்டில் குழந்தை நாற்காலியில் கட்டிவைத்து, அப்புறம் வெறும் பின்சீட்டு, கண்ணாடியில் நெற்றி மட்டும் தெரியும், முன்சீட்டுக்கு வந்த நாள் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு, அப்பா இப்ப நான் பெரியாளு, பெரியாள்கிட்ட பேசற மாதிரி பேசுங்க என்றாள், என்ன பேசுவது என்று தெரியாமல் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார், அவளும் ரொம்பக் கவலையாகத் தலையாட்டினாள். நீச்சல் முடிந்து வந்தால் காரெல்லாம் குளோரின் வாசனை, ஈரத்தலையைச் சீட்டில் சாய்த்துத் தூங்கிவிடுவாள், சீட்டில் தலை அளவுக்கு ஒரு கறை. போன வருஷம் சர்வீஸில் எல்லாவற்றையும் கழுவித் தள்ளிவிட்டார்கள், யார் கழுவச் சொன்னது, நான் கேட்டேனா? அன்றைக்கு அந்த மெக்கானிக் மேல் வந்த கோபம் அவருக்கே விளங்கவில்லை. சுத்தமாத்தானே சார் இருக்கு, என்றான் அவன் பாவம்.

அவர் மட்டும் விடுதியில் இருக்கவில்லையா, இருந்தார், அதனால்தானே தெரியும். பதினேழு வயசில் ஒரு டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கினார், முதல் வாரம் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுகை, நான்கு பேர் ஒரே அறை, நான்கு பேரும் போர்வைக்குள். இரண்டாவது வாரம் கேரம் போர்டு. மூன்றாவது வாரம் வீட்டுக் குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம் திருகினால் வரும் என்பதே மறந்துபோயிற்று, சும்மா சொல்லவில்லை, லீவுக்குப் போனபோது தப்பான பக்கம் திருகி அம்மா சிரித்தாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த அறை. எண்ணெய் வாசனை, யாருடைய சட்டையை யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்று தெரியாத காலை நேரங்கள், ராத்திரி வராந்தாவில் ஒருவன் உலகத்தையே திருத்தப் பேசுவான், இன்னொருவன் அவன் பேசி முடிப்பதற்குள் தூங்கிவிடுவான்... அந்த மூன்று வருஷத்தைப் போல அப்புறம் எதுவும் வரவில்லை, இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. படித்த படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை, அது வேறு. ஆனால் அப்பா அம்மா வீட்டுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை என்பதும் உண்மைதானே, போனார், வந்தார், தீபாராதனை காட்டாத குறையாகக் கவனித்தார்கள், நல்ல தட்டை எடுத்து வைத்தார்கள். விருந்தாளிக்கு வைக்கிற தட்டு. அப்பா எதுவும் கேட்கமாட்டார், எப்ப ரயில், என்று மட்டும் கேட்பார், ஒவ்வொரு தடவையும்.

சாப்பாட்டு மேஜையில் ஜன்னல் பக்கத்து நாற்காலி அவளுடையது. அங்கேதான் எழுத்துப் பழகினாள், அழிரப்பரைக் கடித்து மென்று விழுங்கி, வயித்துல எழுத்தெல்லாம் அழிஞ்சிடுமாப்பா என்று பயந்து அழுதாள். திட்டத்தில் எல்லாப் பாடமும் அந்த நாற்காலியில்தான், எழுதிவைக்கவில்லை, ஆனால் கணக்குப் போடும்போதெல்லாம் அவர் மனசில் அந்த நாற்காலிதான் இருந்தது, விளக்கைக்கூட மாற்றலாம், கண்ணுக்கு நல்லதாக ஒன்று. போன வாரம் அவள் இல்லாதபோது அவள் அறை வாசலில் சும்மா நின்றார். கண் தன் பாட்டுக்கு ஒரு சுற்றுப் போய்விட்டது, என்ன செய்ய, பழக்க தோஷம். ஒன்பது பெட்டி. கீபோர்டுக்குத் தனியாக ஒரு போர்வை. இவ்வளவுதானா? பதினெட்டு வருஷம் அந்த அறை நிறைய வழிந்துகொண்டிருந்ததே, சின்ன வண்டியில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கதவைச் சாத்திவிட்டு வந்து, அன்றைக்கே உட்கார்ந்து நாலாவது எது என்று பார்த்தார், காகிதத்தில் மட்டும் இன்னும் ஏற்றவில்லை.

கதவு திறந்ததும் திடுக்கிட்டார். அவள் தோள்பையைப் பின்னால் வீசிவிட்டு, சீட்டிலிருந்த காகிதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், விரல் நுனியெல்லாம் புத்தகத் தூசி. ரொம்ப நேரமா நிக்கறீங்களாப்பா? இல்லம்மா, இப்பத்தான். பொய் என்று அவளுக்குத் தெரியும். படிக்க ஆரம்பித்தாள். முதலில் புள்ளியியலைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார், வாயைத் திறப்பதற்குள் அவளே அதைக் கண்டுபிடித்து, ஓ, இது ரெண்டுலயும் வருதா, கில்லாடிப்பா நீங்க, என்றாள். பெருமையில் காது சூடாகிவிட்டது அவருக்கு. பக்கம் புரட்டினாள். இரண்டாவது பட்டம். புரட்டினாள். மூன்றாவது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நாலாவது இருக்காப்பா? இருக்கு, இன்னும் பன்னெண்டே பாடம் படிச்சா... என்று சொல்லிவிட்டார், யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், காரே ஆடியது, நடைபாதையில் போன ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். முதலில் நிறுத்தியது அவள்தான். நிறுத்திவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள், மறுபடியும் மெதுவாகப் புரட்டினாள், எதையோ தேடுகிற மாதிரி.

நெஜமாவே நல்லா போட்டிருக்கீங்கப்பா, என்றாள். எவ்ளோ நாள் உக்காந்தீங்க? அதெல்லாம் இல்லம்மா, ஓய்வு நேரத்துல... அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பா, இதுல நான் எப்பப் போறேன்?

எங்க?

எங்கயாவது.

குரலில் சண்டை எதுவும் இல்லை, தெரியாமல் கேட்கிற குரல், அதுதான்... வேலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே அவர் கேட்கிற முதல் கேள்வி இது, எப்பப் போறீங்க, அதைக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு பெட்டி எண்ணமாட்டார், நேற்றுச் சேர்ந்த ஆளுக்குக்கூடச் சொல்லிக் கொடுப்பார், தேதிதாம்ப்பா முதல்ல, தேதி இல்லாம சாமானப் பாக்காத. காகிதங்களை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பாடம் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, எந்த வாரம் தொடங்கி எந்த வாரம் முடியும் என்பது இருக்கிறது, எது எதற்கு மாறும் என்பது அம்புக்குறியோடு இருக்கிறது, விரலை வைத்து வரி வரியாக இறங்கினார், இங்கதாம்மா எங்கயோ, என்றார், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், ஆறு வருஷம், மூன்று பட்டம், ஒரு நாளைக்கூட அவள் போகிற நாள் என்று அவர் போடவே இல்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொள்ளவும் இல்லை, பதில் சொல்ல வேண்டிய போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு பக்கம் புரட்டினார், அதிலும் இருக்காது என்று தெரிந்தேதான் புரட்டினார்.