குறை ஏதுமில்லை

முதியோர் இல்லங்களைச் சோதனை செய்வது அக்காவின் வேலை. வருவதாக முந்தைய நாளே போன் செய்துவிடுவாள். அவர்களும் விரிப்புகளை மாற்றித் தரையைக் கழுவி வைப்பார்கள். கீழ்த்தளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "குறை ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவள் வெளியூரில் பயிற்சியில் இருந்தாள். தம்பிதான் ஓர் இல்லத்தில் சேர்த்தான். மூன்று வாரம் கழித்துத் திரும்பியவள் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனாள். அப்பா மாடியில் கிடந்தார். புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாமல் முதுகெல்லாம் புண். அறையெங்கும் மூத்திர வாடை.

"இங்க எதுக்குடா கொண்டுவந்து தள்ளின?" என்று தம்பியிடம் கத்தினாள்.

"அஞ்சு வருஷ அறிக்கையையும் படிச்சுப் பாத்துட்டுத்தான்க்கா சேத்தேன். எல்லாத்துலயும் உன் கையெழுத்துதான் இருந்துச்சு."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் புண் ஆறவில்லை. ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "இதுல முதல்ல போறது உன் வேலைதாம்மா" என்று திருப்பி நீட்டினார்.

அவள் அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.