இங்கே யாரையும் எரிக்கவில்லை

"சுடுகாடுன்னு நீங்கதானே சொன்னீங்க ஆண்ட்டி? எரிச்சா சாம்பல். அது என்ன, இன்னுமா அங்க இருக்கப் போவுது?"

வீடமைப்பு நிறுவனத்து அதிகாரி நிரஞ்சன் எங்கள் பழைய தோட்டத்தில் வீடு கட்டுவது பற்றிய கூட்டத்தில் இப்படிக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவில் குளுவாங் பக்கம் எங்கள் தோட்டத்தில் எரித்தாலும் சுடுகாடு, புதைத்தாலும் சுடுகாடுதான். இடுகாடு என்பதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒன்றுமில்லை என்று நிலத்தைச் சமன்செய்யக் கிளம்பிவிட்டார்கள்.

என் மகள் அங்கே இருக்கிறாள். பிறந்து மாதம் திரும்பாத பிள்ளையை எவனாவது எரிப்பானா? நட்டு வைத்த கல்லைச் பின்னால் எண்ணெய்க்காகச் செம்பனை மரம் போட வந்தவர்கள் பெயர்த்து எறிந்துவிட்டார்கள். அதனால் நான் பெற்றது பொய்யாகிவிடுமா?

ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் ஷர்மினியைத் தேடிப் பிடித்தேன். மண்ணைத் தோண்டாமலே, காந்தக் கருவியால் அடியில் இருப்பதைக் கண்டறிகிறவள். எதுவும் கிடைக்காது என்ற தைரியத்தில் நிரஞ்சனும் சரி என்றார்.

மரங்களை வெட்டி அகற்றிய நிலத்தில் ஷர்மினி கருவியைச் சுமந்து வரிசை வரிசையாக நடந்தாள். அளவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே போனேன். கருவி கன்னாபின்னாவென்று எண்களைக் காட்டியது.

"கஸ்தூரிக்கா, மேல இரும்பு ஏதும் வச்சிருக்கீங்களா?"

"தாலிக்கொடிதான். பவுன் லா."

"பவுன் பரவால்ல. அதுல ஊக்கு மாட்டியிருக்கீங்களா?"

கொத்தாகத் தொங்கியது. தாலிக்கொடியில் ஊக்கு இல்லாமல் எந்தத் தமிழச்சி இருக்கிறாள்? கழற்றிக் காரில் போட்டதும் கருவிக்குக் கிறுக்குத் தெளிந்தது.

அளந்து முடித்துக் கணினியில் படமாக்கிக் காட்டினாள். மங்கலான செவ்வகங்கள், எல்லாம் தெற்கு வடக்காக.

"மரம் நட்ட குழியா இருக்கும்" என்றார் பார்க்க வந்த நிரஞ்சன்.

"செம்பனைக் குழி தள்ளித் தள்ளி இருக்கும் சார். இது ஆள் நீளம், நெருக்கி நெருக்கி இருக்கு. குழி வெட்டி மூடுறப்ப மேல்மண்ணு அடியில கலந்துடும். மேல்மண்ணுல காந்தம் கொஞ்சம் கூட, அதான் லேசா தெரியுது. பொணம் எரிச்ச தரை இப்படி இருக்காது. சூட்டுல காந்தம் ஏறி, எத்தன வருசம் ஆனாலும் பளிச்சுன்னு காட்டும். இங்க அப்படி ஒரு எடமும் இல்ல. இங்க யாரையும் எரிக்கல."

"கேட்டுச்சா தம்பி? சுடுகாடுன்னு சொன்னது எங்க வாய். மண்ணு அப்படிச் சொல்லல." வேண்டுமென்றேதான் சத்தமாகச் சொன்னேன்.

ஓடை திரும்பும் மூலையில்தான் என் மகளை வைத்தோம். படத்தில் அந்த மூலையில் ஒரு சின்னச் செவ்வகம் இருந்தது. அடக்கமாட்டாமல் அழுதேன்.

நிரஞ்சன் குரலைத் தாழ்த்தினார். "ஆண்ட்டி, உங்க பாப்பாவ மட்டும் மரியாதையா எடுத்து டவுன் மயானத்துல வச்சுத் தரோம். எல்லாம் எங்க செலவு. மத்தவங்களுக்கு யாரும் வந்து கேக்கல. இதோட விட்டுடுங்க லா."

மனசு ஒரு கணம் ஆடத்தான் செய்தது. கல் வைக்கலாம், பூப் போடலாம். மறுபடி படத்தைப் பார்த்தேன். அவளைச் சுற்றிப் படுத்திருந்தது முழுக்க எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனம். கேட்க நாதியில்லாத சனம்.

"இத்தன வருசமா எம் பொண்ணுக்குத் தொணையா இருந்தது அவங்கதான், நான் இல்ல. அவங்கள மண்வாரி மெஷினுக்குக் குடுத்துட்டு அவ மட்டும் டவுனுக்குப் போவாளா? எல்லாரும் இங்கதான் இருப்பாங்க, அவளும் இருப்பா. நீங்க போய் உங்க வீட்ட வேற எடத்துல கட்டுங்க தம்பி."